பஸ் ரைஸ்மில்லைத் தாண்டிவிட்டதா?

வெப் புரோகிராமிங் கற்றுக்கொள்ள எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள். எந்த கோர்ஸ், எந்த லேப்டாப், எத்தனை மாதம் ஆகும், கணக்கு நன்றாக வர வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போய், நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பார் வாளி எங்கே வருகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மொதல்ல எதுக்குக் கத்துக்கணும்னு சொல்லு. எப்படின்னு அப்பறம் நான் சொல்றேன்" என்பேன். எனக்கு அந்த 'எதுக்கு' பளிச்சென்று தெரிந்திருந்தது. பேக்டரியில் என்னால் மூச்சு விட முடியவில்லை. அதனால் கற்றுக்கொண்டேன்.

நான் இருப்பது பேர்ணாம்பட்டில். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஆம்பூர் ஹைவேயில் உள்ள ஒரு ஷூ பேக்டரியில் சேர்ந்தேன். கல்யாணம், குழந்தை எல்லாம் அந்த வேலைக்கு நடுவில்தான் நடந்தன. முதலில் ஒட்டுகிற டேபிள். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அதைத் தைப்பதற்கு முன் ஓரத்தை மடித்துப் பசையால் ஒட்ட வேண்டும். அந்தப் பசைக்கு சொல்யூஷன் என்று பேர். சில வருஷம் கழித்துச் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். தைத்து வரும் அப்பரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ கீறல் இருந்தாலோ அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. குறை கண்டுபிடிப்பது என் பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதற்குச் சம்பளமும் கொடுத்தால் கசக்குமா என்ன!

ஆனால் ஒட்டுகிற டேபிளுக்கும் செக்கிங் டேபிளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு பொங்கல் கழிந்த வாரத்தில் எனக்கு மூச்சிழுப்பு வந்தது. முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸில் ஏறினால் சரியாகிவிடுகிறது, ஷெட்டுக்குள் போனால் திரும்ப வருகிறது என்று எனக்கே புரிந்தது. வேலூரில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பசை வாடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, இடத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றார். பேக்கிங்கில் போட்டுப் பார்த்தார்கள். ஷெட் ஒன்றுதானே, வாடை அங்கேயும் வந்தது.

எங்கள் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய்த்தான் சொன்னார். "தீபாவளி வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டும்மா. அதுக்கு மேல என் கைல இல்ல. லைன்ல நீ மயங்கி வுழுந்துட்டன்னா யார் பதில் சொல்றது? நின்னுட்டு வீட்ல ரெஸ்ட் எடு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைப் பதப்படுத்துகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். "நின்னுடு. நான் இல்ல? உனக்கு இன்னா கம்மி?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோத்துக்கு இல்லாமயா அழுவறேன்? நாளைலேர்ந்து காலைல எழுந்து எங்க போவேன்னு அழுவறேன்" என்றேன்.

உண்மை அதுதான். பதினெட்டு வயதிலிருந்து கையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறியவள் நான். வீட்டில் உட்காருவதை நினைத்தாலே இழுப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஷூ வேலை. இந்தப் பேக்டரியை விட்டால் அந்தப் பேக்டரி. எல்லா இடத்திலும் அதே சொல்யூஷன். வாடை இல்லாத ஒரு வேலையைத் தீபாவளிக்குள் நான் தேடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீடுதான்.

நாங்கள் குடியிருக்கிற வீட்டின் மாடியில் வீட்டு உரிமையாளரின் மருமகள் இருக்கிறாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். கைக்குழந்தை இருப்பதால் அப்போது வேலைக்குப் போகவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். துணி காயப்போடும்போது அவளிடம் என் புலம்பலைக் கொட்டினேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே, "அக்கா, வெப் பேஜ் செய்யக் கத்துக்கோங்க. அதுல வாடையே கெடயாது" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். போனில் இலவசப் பாடங்கள் வீடியோவாகக் கொட்டிக் கிடக்கின்றன, தமிழிலேயே. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லாம் புரிந்தது. பக்கத்து சீட்டுக்காரிக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குப் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரி தன் பழைய கல்லூரி லேப்டாப்பை என் முன்னால் வைத்து, "நீங்களே ஒரு பேஜ் எழுதுங்க" என்றாள். விரல் அசையவில்லை. ஒரு வரிகூட வரவில்லை. ஒரு மாதமாக பிரியாணி வீடியோ பார்த்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. அவமானமாக இருந்தது. அன்றோடு வீடியோ பார்ப்பதைக் குறைத்தேன். ஐந்து நிமிஷம் பார்த்தால், நிறுத்திவிட்டு அதை நானே தட்டிப் பார்க்க வேண்டும். தட்டி முடிக்காமல் அடுத்ததைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சார வயரை உருவினால் அணைந்துவிடும். அதனால் அதைக் கீழே கொண்டுவர முடியாது. மாடி வீட்டுக் கூடத்தில், பிளக் இருக்கிற மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். பேக்டரியிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு மேலே போவேன். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுவேன். சோறு வடிக்கிற வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் எல்லாம் கஞ்சி. இப்போது என்னைவிட நன்றாக வடிக்கிறார்.

என் முதல் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சொல். 'வணக்கம்' என்று பெரிய எழுத்தில். அதற்குத் தேவையானது விலையுயர்ந்த எதுவும் இல்லை. கம்ப்யூட்டரிலேயே இருக்கிற சாதாரண எழுதும் மென்பொருள் ஒன்று, பிரவுசர் ஒன்று. எழுதிச் சேமித்து, பிரவுசரில் திறந்தேன். 'வணக்கம்' வரவில்லை. தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. நான் என்னவோ கெடுத்துவிட்டேன் என்று கையை எடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இது எந்த மொழி எழுத்தையும் காட்டுகிற பக்கம் என்று மேலே ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். 'வணக்கம்' வந்தது. திரையைப் பார்த்து நானும் வணக்கம் என்றேன். மாடிக்காரியின் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

இங்கிலீஷ் வராதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் தமிழ் மீடியம். எச்.டி.எம்.எல். என்பது பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது, சி.எஸ்.எஸ். என்பது அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது. இரண்டுக்கும் ஆரம்பத்தில் கைப்பிடி அளவு ஆங்கிலச் சொற்கள் போதும். அதிலும் பாதி எனக்குப் பேக்டரியிலேயே தெரிந்தவை. பேடிங் என்றால் உள்ளே வைக்கிற மெத்தை, பார்டர் என்றால் ஓரம், மார்ஜின் என்றால் ஓரத்துக்கு வெளியே விடுகிற இடம். வீடியோவில் ஒருவர் இந்த மூன்றுக்கும் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தள்ளித் தள்ளி வேகமாக ஓட்டிவிட்டேன்.

ஆனால் அதே பேக்டரி புத்திதான் என்னை ஆட்டியும் வைத்தது. ஷூ வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜோடியின் இடதும் வலதும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டப்பட வேண்டும். அப்போதுதான் நிறமும் மடிப்பும் ஒத்துப்போகும். ஒரு காலில் கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது. வேறு தோலில் வெட்டினால் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக இருக்கிற மற்ற காலையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, ஜோடியாகப் புதிதாக வெட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தவள் நான். அது எனக்கு மூச்சு மாதிரி பழகியிருந்தது.

அதனால் என் பக்கத்தில் எங்காவது ஒரு தப்பு வந்தால், நான் மொத்தப் பக்கத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். படம் வரவில்லையா, எல்லாவற்றையும் அழி. எழுத்து நடுவில் நிற்கவில்லையா, எல்லாவற்றையும் அழி. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். இது எவ்வளவு சிரமமான வேலை, இதை எப்படி இவர்கள் ஆயிரக்கணக்கான வரி எழுதுகிறார்கள் என்று மலைத்துப்போயிருந்தேன்.

ஒருநாள் மாடிக்காரி டீ கொண்டுவந்து வைத்தபோது பார்த்துவிட்டாள். "அக்கா! இன்னா பண்றீங்க? எதுக்கு எல்லாத்தையும் அழிக்கறீங்க?"

"பட்டன் வேல செய்யல."

"பட்டன் வேல செய்யலன்னா பட்டனப் பாருங்க. மத்தது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"ஒரு கால் போனா ஜோடி போச்சும்மா" என்றேன், இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. உள்ளேயிருந்து அவள் மாமியார் எட்டிப் பார்த்து உருதுவில் என்னவோ கேட்டார். இவள் நான் சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "பேஜார் ஆவாதீங்கக்கா" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரவுசரில் ஒரு விசையை அழுத்தினாள். கீழே ஒரு பெட்டி திறந்தது. அதில் சிவப்பாக ஒரு வரி இருந்தது. தப்பு என்ன, எத்தனையாவது வரியில் என்று எண்ணோடு எழுதியிருந்தது.

நான் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தேன். அடப்பாவி, என் அம்புக்குறி ஸ்டிக்கர்! இத்தனை நாளாக எனக்காக ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார், நான் பிரித்துப் பார்க்காமல் சரக்கையே தூக்கிப் போட்டிருக்கிறேன். அன்று அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினேன். பட்டன் வேலை செய்தது. பக்கத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஏதோ திருட்டு வேலை செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அழித்து அழித்து எழுதியதெல்லாம் வீண் என்று மாடிக்காரி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அத்தனை தடவை எழுதியதில் அந்தச் சொற்கள் எல்லாம் என் விரலுக்கு வந்துவிட்டன. எங்கேயும் பார்த்து ஒட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுத முடிந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மொத்தமாக அழிக்க வேண்டாம். ஆனால் நகலெடுத்து ஒட்டாமல் கையால் எழுதுங்கள் என்று நான் ஒற்றைக் காலில் நிற்பேன்.

பக்கம் எழுத வந்துவிட்டது. எதைப் பற்றி எழுதுவது? வீடியோக்களில் கால்குலேட்டர் செய்யச் சொன்னார்கள். போனிலேயே கால்குலேட்டர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? எனக்கு மனசு ஓடவில்லை.

பதில் பஸ்ஸில் இருந்தது. எங்கள் கம்பெனி பஸ் பேர்ணாம்பட்டில் கிளம்பி வழிநெடுக ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போகும். ஒருநாள் சீக்கிரம் வரும், ஒருநாள் இழுக்கும். விட்டுவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் எல்லோரும் முன்கூட்டியே வந்து மழையிலும் பனியிலும் நிற்பார்கள். ஏறியவர்களுக்கு நிற்கிறவர்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "பஸ் ரைஸ்மில்லைத் தாண்டிடுச்சா?" இந்த ஒரு கேள்விதான். காலையில் பஸ் முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பத்துப் பேர் பத்து போனில் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு மழை நாளில், ஏரிக்கரை ஸ்டாப்பில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தொப்பலாக நனைந்து ஏறினாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் யோசனை வந்தது.

ஒரு பக்கம். அதில் ஸ்டாப்புகள் வரிசையாக. ஒரு ஸ்டாப்பை விட்டு பஸ் கிளம்பியதும், அங்கே ஏறியவள் தன் போனில் அந்தப் பெயரை அழுத்தினால் அது பச்சையாக வேண்டும். அடுத்த ஸ்டாப்புக்காரி வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன்! என் போனில் அழுத்தினால் என் போனில் மட்டும் பச்சையானது. அடுத்தவள் போனுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு இடத்தில் அதை எழுதி வைக்க வேண்டும், எல்லோருடைய போனும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கென்று இலவசமாக இடம் தருகிற தளங்கள் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மாடிக்காரிக்கே பாதி மறந்துபோயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் கூடத்தில் தன் போனில் 'ஏரிக்கரை' என்று அழுத்தினாள். மொட்டை மாடியில் வத்தலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் போனில் ஏரிக்கரை பச்சையானது. நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்தார்.

பஸ் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதல் நாள் எல்லோரும் எல்லாவற்றையும் அழுத்தி விளையாடினார்கள். பஸ் கிளம்பும் முன்பே ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. ரைஸ்மில் அக்கா வீட்டில் இருந்தபடியே தன் ஸ்டாப்பை அழுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அழுத்துனா சீக்கிரம் வரும்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்ன தினுசில் எனக்குத் திட்ட மனசு வரவில்லை. பிறகு நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஏறி உட்கார்ந்தவள்தான் அழுத்த வேண்டும். தினமும் முதல் ஸ்டாப்புக்காரி பழைய பச்சையை எல்லாம் அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் போன் சத்தம் அடங்கிவிட்டது. நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. சாயந்திரம் திரும்பும்போதும் காலைப் பச்சையை அழித்துவிட்டு அழுத்த ஆரம்பித்தார்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரத்துக்கு ஸ்டாப்புக்கு வண்டி கொண்டுவந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முன்பு மாடிக்காரி ஒரு செய்தி கொண்டுவந்தாள். வேலூரில் லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். ஷூ கடைகளுக்கும் தோல் வியாபாரிகளுக்கும் வெப்சைட் செய்கிறார்கள். அவளோடு படித்தவள் அங்கே வேலை செய்கிறாள். புதிதாக ஒருவர் வேண்டுமாம். "டிகிரி இல்லன்னாலும் பரவால்லயாம்க்கா. ஆனா சொந்தமா செஞ்சது ஒன்னு காட்டணுமாம், ஓடிக்கிட்டு இருக்கணுமாம்."

லீவு போட்டுப் போனேன். பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடி. படி ஏறும்போது நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். எதிர் டீக்கடையிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. இந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்குத் தீபாவளியோடு எல்லாம் முடிந்தது என்று தெரியும்.

ஆபீஸை நடத்துகிறவர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். என் படிப்பைக் கேட்டார், சொன்னேன். மறைக்கவில்லை. பஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மொத ஸ்டாப்புல ஒருத்தர் தெனமும் அழிக்கணும்னு சொல்றீங்க. அவங்க லீவு போட்டா?"

"நேத்துப் பச்சை அப்படியே நிக்கும். எல்லாரும் பஸ் போய்ட்டதுன்னு நெனச்சு என்னத் திட்டுவாங்க. ஒருநாள் திட்டினாங்க."

"சரி. யாரும் அழிக்காமலே சரியா காட்டற மாதிரி இங்கயே மாத்த முடியுமா? டைம் எடுத்துக்கோங்க" என்று ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். ஒவ்வொரு அழுத்தலோடும் அன்றைய தேதியையும் சேர்த்து வைத்தால் போதும், தேதி பழசாக இருந்தால் பச்சை காட்டக் கூடாது. எழுதினேன். சிவப்பு வரி வந்தது. படித்தேன், திருத்தினேன். வேலை செய்தது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நாற்காலியைத் தள்ளியபோது உறைத்தது. காலையில் போன பஸ்ஸின் பச்சை சாயந்திரமும் அதே தேதியில்தானே இருக்கும்! திரும்ப உட்கார்ந்தேன். மதியத்துக்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. அதில் இரண்டு முறை தப்பு வந்தது. வெளியே வெயில் இறங்கிவிட்டது. ஆபீஸில் சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டியது.

கடைசியில் வந்தது. மாற்றியதை எங்கள் பஸ் பக்கத்திலேயே ஏற்றினேன். காலைப் பச்சை எல்லாம் போய், ஸ்டாப்புகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எல்லாம் காலியா இருக்கே. வேல செய்யுதுன்னு எப்படித் தெரியும்? ஒன்ன அழுத்திக் காட்டுங்க" என்றார்.

நான் கையை நீட்டுவதற்குள் 'பேக்டரி கேட்' பச்சையானது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ் கிளம்புகிற நேரம். நான் இல்லாமல் என் பஸ் கிளம்பிவிட்டது.

"இது யாரு? நீங்களா அழுத்துனீங்க?"

"என் கை ரெண்டும் இங்கதான் இருக்கு மேடம்" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "எங்க பஸ் பொம்பளைங்க."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் பையோடு வந்து பின்னால் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஸ்டாப் பச்சையானது. அப்புறம் ஏரிக்கரை. நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, கால் வலியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பெண்கள், நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல், நான் எழுதியதை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கித் திரை மறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். வெட்கப்படவில்லை.

"இத இதுக்கு முன்னாடி வேல கேட்டு எத்தன பேருக்குக் காட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"யாருக்கும் காட்டல மேடம். அவங்களுக்காகத்தான் செஞ்சேன்."

அவர் சிரித்தார். "திங்கக்கிழமையே வந்து சேர்ந்துடறீங்களா?"

"முடியாது மேடம்" என்றேன்.

பின்னால் நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே நான் சொன்னது தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். "பேக்டரில முறைப்படி சொல்லணும். என் டேபிள இன்னொருத்தி கைல ஒப்படைக்கணும். ஒரு வாரம் குடுங்க. அதுக்கடுத்த திங்கக்கிழமை வர்றேன்."

"வாங்க" என்றார்.

படி இறங்கி லாங் பஜாரில் வந்து நின்றேன். சாயந்திரக் கூட்டம். தீபாவளி நெருங்கிவிட்டதால் தெரு முழுக்கத் துணிக்கடை வெளிச்சம். எனக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியவில்லை. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நடுத்தெருவில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "ஒதுங்கும்மா! ஒதுங்கு!" என்று கத்தினார்.

"எனக்கு வேல கெடச்சிருச்சுண்ணா!" என்றேன், அவரிடம், முன்பின் தெரியாத மனிதரிடம்.

அவர் ஒரு நொடி வண்டியை நிறுத்தினார். "சந்தோஷம்மா. ஓரமா நின்னு சந்தோஷப்படு. பின்னாடி எத்தன வண்டி நிக்குது பாரு."

ஓரமாகப் போய் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பேக்டரிலேர்ந்து நின்னுடறேன்" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "இழுப்பு ஜாஸ்தியா? எங்க இருக்க? அங்கயே இரு, வர்றேன்."

"எனக்கு ஒன்னும் இல்ல. நான் வேற வேலைக்குப் போறேன்" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி.